கோபுரத்துக்கு முன் ஊர்

(ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"பேரரசு கட்டுதல்: ஆராய்ச்சியும் அதிசயங்களும்" என்று சுவரொட்டியில் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுச் சோழர் வரலாறு கேட்க வந்ததாக வாசலில் ஒரு பெரியவர் சொன்னார். ஐயா, கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடாதீர்கள். சோழர்கள் வருவார்கள், கொஞ்சம் தாமதமாகும். அதுவரை நான் பேசப்போவது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி.

நான் முப்பது வருஷம் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு பேரப்பிள்ளைகள் இல்லாத வீட்டில் என்ன செய்வது? விடுமுறைக்கு வந்த அக்கா மகன் தன் பழைய மடிக்கணினியை விட்டுவிட்டுப் போனான். அதில் சிவிலைசேஷன் 4 இருந்தது. 2005-ல் வந்த ஆட்டம். "சும்மா பாருங்க மாமா, பொழுது போகும்" என்றான். போயிற்று. சில நாள் விடிந்தேபோயிற்று.

தெரியாதவர்களுக்கு ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கி.மு. 4000-ல் ஒரு குடியேற்றக் கூட்டத்தோடு நிற்பீர்கள். அதைச் செட்லர் என்பார்கள். முதல் ஊரை அமைக்கிறீர்கள். சதுரங்கம் மாதிரி நீங்கள் ஒரு முறை, எதிராளிகள் ஒரு முறை. ஒவ்வொரு முறையிலும் சில வருஷங்கள் ஓடும். கி.பி. 2050 வரை நேரம். அதற்குள் ஆளுக்கொரு பேரரசு. பூமியைப் பிடித்தும் ஜெயிக்கலாம், விண்கலம் விட்டும் ஜெயிக்கலாம், மூன்று நகரங்களைப் பண்பாட்டில் உச்சிக்குக் கொண்டுபோயும் ஜெயிக்கலாம்.

ஒவ்வொரு ஊரிலும் மூன்று வரவு உண்டு: சாப்பாடு, உற்பத்தி, வணிகம். உற்பத்திக்குச் சுத்தியல் படம் போட்டிருப்பதால் ஆடுபவர்கள் அதை ஹேமர் என்பார்கள். வணிகத்தில் வரும் காசை ஆராய்ச்சிக்கும் கஜானாவுக்கும் பிரித்துவிட ஒரு ஸ்லைடர் இருக்கிறது. ஆராய்ச்சியில் சேருவது பீக்கர் கணக்கு. போதுமான பீக்கர் சேர்ந்தால் அடுத்த டெக் கிடைக்கும். எழுத்து, கணிதம், இரும்பு என்று கிளை விட்டு வளரும் மரம் அது. கிடைக்கும் ஒவ்வொரு தடவையும் லியோனார்ட் நிமாய், ஸ்டார் ட்ரெக்கில் ஸ்பாக்காக நடித்தவர், ஒரு மேற்கோளைப் படித்துக் காட்டுவார். எனக்கு அந்தக் குரலே ஒரு பரிசு.

பிறகு அதிசயங்கள். ஸ்டோன்ஹெஞ்ச், பிரமிட், அலெக்ஸாண்டிரியாவின் பெருநூலகம், ஆரக்கிள் என்கிற குறிமேடை. உலகத்தில் ஒவ்வொன்றையும் ஒரே ஒருவர்தான் கட்ட முடியும். நீங்கள் கட்டி முடிக்க இரண்டு முறை இருக்கும்போது எங்கோ முகம் தெரியாத ஒரு ராஜா முடித்துவிட்டால், உங்களுக்கு அது இல்லை. அவ்வளவுதான்.

என் முதல் உருப்படியான ஆட்டத்தில் ஸ்டோன்ஹெஞ்ச் கட்டினேன், ஆரக்கிள் கட்டினேன், பிரமிட் கட்டினேன். கட்டி முடிக்கும்போது ஒரு சின்னப் படம் ஓடும் பாருங்கள், கல் கல்லாக எழும்பும். அதைப் பார்க்கும்போது ராஜராஜனே நான்தான் என்று தோன்றும். அப்போது என்னிடம் இருந்தவை மொத்தம் இரண்டு ஊர்கள். பக்கத்து ராஜா மாண்டெசூமா. ஆஸ்டெக் அரசர். ஆட்டம் தெரிந்தவர்கள் சிரிக்கிறார்கள். ஆமாம், சண்டைக்கு அலையும் ஆள். அவர் ஜாகுவார் வீரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். என்னிடம் இருந்தது வில்லாளி இரண்டு பேர். தலைநகரம் போயிற்று. மூன்று அதிசயங்களும் அப்படியே அவருக்குப் போயின. இடியவில்லை, உடையவில்லை. பத்திரம் முடித்துக் கொடுத்த மாதிரி.

அக்கா மகனுக்குப் போன் போட்டுப் புலம்பினேன். அவன் கேட்டது ஒரே கேள்வி. "மாமா, பிரமிட் எத்தனை ஹேமர்?"

"ஐந்நூறு."

"செட்லர்?"

"நூறு."

"அப்ப நீங்க கட்டினது பிரமிட் இல்ல மாமா. அஞ்சு ஊரைக் கட்டாம விட்டிருக்கீங்க."

முப்பது வருஷம் கடன் விண்ணப்பத்தைப் புரட்டியவனுக்கு இதை ஒரு பொடியன் சொல்ல வேண்டியிருந்தது. இன்று நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தின் விரிவுதான். அதிசயத்தின் விலைச்சீட்டில் எழுதியிருப்பது ஹேமர். நிஜ விலை, அந்த நேரத்தில் எழும்பாமல் போன ஊர்கள். செட்லர் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. அதைச் செய்யும்போது ஊரின் மிச்சச் சாப்பாடும் உற்பத்தியோடு சேர்ந்துகொள்ளும். பத்து ஹேமரும் நாலு சாப்பாடு மிச்சமும் உள்ள ஊர், பிரமிட்டுக்கு ஐம்பது முறை எடுக்கும். ஒரு செட்லருக்கு எட்டு முறைக்குள் முடிந்துவிடும். அதாவது ஐந்தல்ல, ஆறு ஊருக்கு மேலேயே போகும்.

"அப்படியானால் அதிசயமே கட்டாதே என்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. ஊர்களை மட்டும் பெருக்கிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதையும் நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இந்த நான்காம் பதிப்பில் ஒவ்வொரு ஊருக்கும் பராமரிப்புச் செலவு உண்டு. தலைநகரிலிருந்து தூரம் கூடக் கூடச் செலவு ஏறும். ஊர்களின் எண்ணிக்கை கூடினால் எல்லா ஊர்களின் செலவும் ஏறும். எட்டாவது ஊரை நட்டபோது ஆராய்ச்சி ஸ்லைடர் நூறிலிருந்து முப்பதுக்கு இறங்கியிருந்தது. எதிராளி இரும்பு வாளோடு திரிகிறான், எனக்கு எழுத்தே வரவில்லை. கிளை மேல் கிளையாகத் திறந்து, கடைசியில் சம்பளம் போட முடியாமல் முழித்த நிறுவனங்களுக்குக் கடன் மறுத்தவன் நான். அதே தப்பு.

ஆகவே கேள்வி இப்படி மாறுகிறது: எந்த அதிசயம் ஊர்களைத் தின்னும், எந்த அதிசயம் ஊர்களுக்குச் சோறு போடும்?

சோறு போடுவதற்கு உதாரணம் கலங்கரை விளக்கம். கிரேட் லைட்ஹவுஸ். 200 ஹேமர். அதைக் கட்டிவிட்டால் உங்கள் கடலோர ஊர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வணிகப் பாதைகள் கூடுதலாகக் கிடைக்கும். கடலோரத்தில் நடும் அடுத்த ஊர் பிறந்த அன்றே தன் செலவில் பெரும்பங்கைத் தானே சம்பாதித்துவிடும். தீவுகள் நிறைந்த வரைபடத்தில் இந்த ஒன்று போதும், கண்ணை மூடிக்கொண்டு ஊர் நடலாம். கார்ப்பரேஷன் என்ற டெக் வரும்வரை பலன் உண்டு, அது ரொம்ப தூரத்தில் இருக்கிறது. இதே கட்டடத்தை உள்நாட்டுச் சமவெளியில் ஒரே ஒரு துறைமுகத்தை வைத்துக்கொண்டு கட்டினால்? வெறும் விளக்கு.

ஸ்டோன்ஹெஞ்ச் இதற்கு நேர்மாறாக ஆசை காட்டும் சாமான். 120 ஹேமர்தான், மலிவு. எல்லா ஊருக்கும் ஒரு நினைவுத்தூண் இலவசம். நாலு ஊர் வைத்திருப்பவனுக்கு நாலு தூண். எட்டு ஊர் நடப்போகிறவனுக்குக் கணக்கு சரியாக வரும். ஆனால் எட்டு ஊர் நட வேண்டிய நேரத்தில்தானே இதைக் கட்டிக்கொண்டிருக்கிறான்? புதிதாக ஆடுபவர்கள் எல்லோரும் முதலில் இதைத்தான் கட்டுகிறார்கள். நானும் கட்டினேன்.

பிரமிட்டை நான் திட்டினாலும் அதற்கு ஒரு காலம் உண்டு. உங்கள் எல்லைக்குள் கல் கிடைத்து, குவாரி வெட்டி, சாலை போட்டு இணைத்துவிட்டால் உற்பத்தி இரட்டிப்பாகும். 500 என்பது 250 மாதிரி ஆகிவிடும். அப்போது கேட்கலாம்: இதில் என்ன வருமானம்? பிரமிட் எல்லா அரசமைப்புகளையும் திறந்துவிடும். அதில் ரெப்ரசென்டேஷன் என்பதை எடுத்தால் ஒவ்வொரு நிபுணருக்கும் மூன்று பீக்கர் கூடுதல். ஊருக்குள் உட்கார்ந்து ஆராயும் விஞ்ஞானி சாதாரணமாக மூன்று பீக்கர் தருவார். இப்போது ஆறு. கி.மு. காலத்திலேயே இது கிடைத்தால் சின்ன வரவு இல்லை. கல் இல்லாதவனுக்கோ பிரமிட் ஒரு கெட்ட கடன். வசூலாகாது.

விஞ்ஞானி என்று சொன்னேன் அல்லவா, ஆராய்ச்சியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. இதைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன்.

ஒரு நூலகம் கட்டினால் இரண்டு பேரை விஞ்ஞானிகளாக உட்கார வைக்கலாம். ஒருவர் ஒரு முறைக்கு மூன்று புள்ளி சேர்ப்பார். நூறு புள்ளி ஆனால் ஒரு மாபெரும் விஞ்ஞானி பிறப்பார். இரண்டு பேர் ஆறு புள்ளி, ஆக பதினேழு முறை. காந்தியை எடுத்து ஆடினால் இது பாதியாகும், ஏனென்றால் இதே ஆட்டத்தின் பிற்கால விரிவாக்கத்தில் அவருக்குத் தத்துவவாதி என்ற குணம் கொடுத்திருக்கிறார்கள், புள்ளிகள் இரட்டிக்கும். (காந்தி அணுகுண்டு போடும் பிழை முதல் ஆட்டத்தில் இருந்தது என்று உலகமே சொல்லிக்கொண்டிருக்கிறது. அப்படி ஒரு பிழை இருந்ததே இல்லை என்று, ஆட்டத்தை உருவாக்கிய சிட் மையர் 2020-ல் வந்த தன் நினைவுக் குறிப்பில் எழுதிவிட்டார். வதந்திக்கு மட்டும் வயதே ஆகாது.)

முதல் மாபெரும் விஞ்ஞானியை என்ன செய்வது? தலைநகரில் அகாடமி கட்டலாம், அந்த ஊரின் ஆராய்ச்சி ஐம்பது சதவீதம் ஏறும். இல்லையென்றால் அவரை ஒரே மூச்சில் ஒரு டெக்குக்குச் செலவழித்துவிடலாம். அகாடமி வைப்புநிதி. மற்றது கைமாற்று. ஆரம்பத்தில் வருபவரை வைப்புநிதியில் போடுவேன். பின்னால் வருபவர்களைக் கைமாற்றாகச் செலவழிப்பேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது பெருநூலகம். கிரேட் லைப்ரரி. 350 ஹேமர், சலவைக்கல் இருந்தால் வேகம் இரட்டிப்பு. இரண்டு விஞ்ஞானிகள் இலவசம். அவர்களுக்குச் சோறு போட நிலம் ஒதுக்க வேண்டியதில்லை. அவர்கள் தரும் ஆறு புள்ளி, கட்டடம் தரும் இரண்டு புள்ளி, ஏற்கெனவே நூலகத்தில் உட்கார்ந்திருக்கும் இருவரின் ஆறு புள்ளி, ஆக ஒரு முறைக்குப் பதினான்கு. ஆராய்ச்சி வழியில் போகிறவனுக்கு ஆரம்பகாலக் கட்டடங்களில் ஒன்றே ஒன்று கட்டலாம் என்றால் நான் இதைச் சொல்வேன். இன்னொரு வசதியும் உண்டு. இதற்குப் போகும் வழியில் ஈஸ்தெடிக்ஸ் என்ற டெக் இருக்கிறது. கணினி ராஜாக்கள் அதைச் சீக்கிரம் படிக்க மாட்டார்கள். நீங்கள் படித்து வைத்துக்கொண்டால் அதை நாலு பேரிடம் கொடுத்து அவர்களிடமிருந்து நாலு டெக் வாங்கலாம். ஊரில் ஒருத்தனிடம் மட்டும் இருக்கும் சரக்குக்கு விலை அவன் வைத்ததுதான்.

டெக் வாங்கி விற்பதில் ஓர் எச்சரிக்கை. சும்மா வாங்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் உங்கள் வளர்ச்சி பயமாக இருக்கிறது என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவார்கள். சில்லறை டெக்குகளை வாங்கி அந்த வரம்பைத் தீர்த்துவிடக்கூடாது. பெரிய சரக்குக்காக வைத்திருக்க வேண்டும்.

ஆரக்கிளைப் பற்றிச் சொல்லாமல் போனால் ஆட்டக்காரர்கள் என்னை விடமாட்டார்கள். 150 ஹேமர். கட்டி முடித்த கணம் ஒரு டெக் இலவசம். எது வேண்டுமானாலும், அதற்கு முந்தைய படிகள் உங்களிடம் இருந்தால் போதும். சட்டத் தொகுப்புக்கு அடிப்படை விலை 350 பீக்கர், உலோக வார்ப்புக்கு 450, சிவில் சர்வீசுக்கு 800. அவசரக்காரன் கட்டினதும் சின்னதை எடுப்பான். கெட்டிக்காரன் சட்டத் தொகுப்பையும் கணிதத்தையும் தானே படித்துவிட்டு, ஆரக்கிள் முடிய ஒரு முறை இருக்கும்போது நிறுத்திவைத்து, சிவில் சர்வீசை அள்ளுவான். கவண்கல் ஆட்டம் என்பார்கள். இழுத்துப் பிடித்தால் தூரம் போகும், ரொம்ப இழுத்தால் வார் அறுந்துவிடும், அதற்குள் வேறு ராஜா ஆரக்கிளை முடித்திருப்பான். கடினமான நிலைகளில் அவர்கள் சீக்கிரமே முடித்துவிடுவார்கள்.

எனக்குப் பிடித்தது நடுத்தர வழி. உலோக வார்ப்பை எடுத்துக்கொண்டு கொல்லுலை கட்டு. கொல்லுலையில் ஒரு பொறியாளரை உட்கார வை. மூன்று புள்ளி வீதம் நூறு சேர்ந்தால் ஒரு மாபெரும் பொறியாளர். அவர் ஒரே வீச்சில் ஐந்நூறு ஹேமருக்கு மேல் கொட்டுவார், அதாவது கல்லே இல்லாமல் பிரமிட். நான் ஒரு தடவை இதை அருமையாகத் திட்டமிட்டு, முப்பது முறை காத்திருந்தேன். பொறியாளர் வரவில்லை, தீர்க்கதரிசி வந்து நின்றார். காரணம், ஆரக்கிளும் கொல்லுலையும் ஒரே ஊரில். ஆரக்கிள் தரும் புள்ளிகள் தீர்க்கதரிசிக்கானவை, இரண்டும் கலந்து குலுக்கல் சீட்டு ஆகிவிட்டது. கொல்லுலையை அடுத்த ஊரில் வைத்திருக்க வேண்டும். முப்பது முறையும் தெண்டம்.

இனி சொல்லப்போவது இந்த ஆட்டத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த விஷயம். தோற்றால் என்ன?

அதிசயத்தில் நீங்கள் பாதி போட்டிருக்கும்போது வேறொருவர் முடித்துவிட்டால், போட்ட ஹேமர் வீணாவதில்லை. ஒன்றுக்கு ஒன்று தங்கமாக உங்கள் கஜானாவுக்குத் திரும்பும். ஆட்டக்காரர்கள் இதைத் தோல்வித் தங்கம் என்பார்கள். முதலில் நான் இதை ஆறுதல் பரிசு என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு நாள் இரவு, பல் தேய்க்கும்போது, பொறி தட்டியது. சலவைக்கல் இருந்தால் ஹேமர் இரட்டிப்பாகிறது. பத்து ஹேமர் உற்பத்தியுள்ள ஊர் இருபதைப் போடுகிறது. தோற்றால் இருபது தங்கம் திரும்பி வருகிறது. அதே ஊரை நேரடியாகக் காசு சம்பாதிக்கச் சொன்னால் பத்துதான் வரும். ஆக, தோற்பதே லாபம்! வேண்டுமென்றே நாலு ஊரில் ஒரே அதிசயத்தைத் தொடங்கி, ஒரு ஊரில் நாமே முடித்துவிட்டால் மற்ற மூன்று ஊருக்கும் பணம் வந்துவிடும். அந்தத் தங்கத்தை வைத்து ஸ்லைடரை நூறுக்குத் தள்ளினால் எல்லாம் பீக்கராகிறது. கட்டாத அதிசயம் ஆராய்ச்சியை நடத்துகிறது. வங்கியில் இப்படி ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்திருந்தால் என்னை உடனே தணிக்கைப் பிரிவுக்கு அனுப்பியிருப்பார்கள்.

ஸ்லைடர் விஷயத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. எல்லோரும் அறுபது சதவீதத்தில் வைத்து ஓட்டுவார்கள், வரவும் செலவும் சமமாக. தேர்ந்த ஆட்டக்காரர்கள் அப்படிச் செய்வதில்லை. சில முறை பூஜ்யத்தில் வைத்துத் தங்கம் சேர்ப்பார்கள், பிறகு நூறில் வைத்து எரிப்பார்கள். மொத்தத்தில் அதே காசுதானே என்று தோன்றும். இல்லை. சேர்க்கும் நாட்களில் நூலகம் கட்டி முடிந்தால், எரிக்கும் நாட்களில் இருபத்தைந்து சதவீதம் அதிகம் வரும். அந்த இடைவெளியில் தெரிந்த ராஜாக்கள் அந்த டெக்கைப் படித்துவிட்டால் நமக்கு விலை குறையும், அல்லது பண்டமாற்றிலேயே வாங்கிவிடலாம். எதைப் படிப்பது என்ற முடிவைக் கடைசி நிமிஷம் வரை தள்ளிப்போடலாம். கையில் ரொக்கம் வைத்திருப்பவனுக்குச் சந்தையில் உள்ள மரியாதை இங்கேயும் உண்டு.

முன்பு பாக்கி வைத்த விஷயத்துக்கு வருகிறேன், பின்னால் வரும் விஞ்ஞானிகளை ஏன் செலவழிக்க வேண்டும் என்பது. லிபரலிசம் என்று ஒரு டெக். 1400 பீக்கர். அதற்கு முன்னால் கல்வி 1800, தத்துவம் 800. லிபரலிசத்தை உலகில் முதலில் எட்டுபவருக்கு இன்னொரு டெக் இலவசம். மத்தியகாலம் முழுவதும் எல்லோரும் இதை நோக்கித்தான் ஓடுகிறார்கள். தத்துவம், கல்வி இரண்டிலும் விஞ்ஞானிகளைக் கொட்டினால் நீங்கள் ஒரு நூற்றாண்டு முன்னால் நிற்பீர்கள். நின்ற பிறகு செய்ய வேண்டியதுதான் கலை. ஒரு முறை பாக்கி வைத்து லிபரலிசத்தை நிறுத்திவிட வேண்டும். முடிக்கக்கூடாது. அப்படியே விட்டுவிட்டு வேறு டெக்குகளைப் படிக்க வேண்டும். ஏன்? இலவசமாக எடுக்கப்போகும் டெக் பெரிதாக வளர வேண்டும். இன்று எடுத்தால் நேஷனலிசம், பத்து முறை பொறுத்தால் ஸ்டீல், பீரங்கிகள். ஒவ்வொரு முறையும் எதிராளிகளின் பட்டியலைத் திறந்து, யாருக்காவது கல்வி வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். வந்துவிட்டது என்றால் மறு முறையே முடித்துவிட வேண்டும். மாமரத்தில் காயைப் பழுக்க விட்டுப் பக்கத்து வீட்டுப் பையன்களை ஜன்னல் வழியாகக் கவனித்துக்கொண்டிருப்பவருக்கு இந்த மனநிலை தெரியும்.

இந்த யோசனைகள் எல்லாம் நான்காம் பதிப்பில் திடீரென்று முளைத்தவை அல்ல. டெக் மரம் என்பதே ஒரு பலகை ஆட்டத்தில் இருந்தது. பிரான்சிஸ் ட்ரெஷம் என்ற ஆங்கிலேயர் 1980-ல் வெளியிட்ட சிவிலைசேஷன் என்ற ஆட்டம் அது. சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் மைக்ரோபுரோஸ் நிறுவனத்தில் 1991-ல் கணினி ஆட்டத்தைச் செய்தபோது 21 அதிசயங்களை வைத்தார்கள். பழங்காலத்துக்கு ஏழு, இடைக்காலத்துக்கு ஏழு, நவீன காலத்துக்கு ஏழு. அதில் இந்தியாவை எடுத்து ஆடினால் டெல்லி, பம்பாய்க்கு அடுத்து மூன்றாவது ஊராக வருவது மெட்ராஸ். அந்த ஆட்டத்திலும், 1996-ல் வந்த இரண்டாவதிலும், வணிகக் கூட்டம் என்று ஓர் அலகு உண்டு, காரவான். ஒவ்வொன்றும் ஐம்பது உற்பத்தியை அதிசயத்துக்குச் சேர்க்கும். பத்துக் கூட்டங்களை முன்கூட்டியே செய்து ஊர் வாசலில் நிறுத்திவைப்பார்கள். டெக் கிடைத்த அன்றே உள்ளே விட்டால், அடுத்த முறை அதிசயம் நிற்கும். சிறுபிள்ளைத்தனமாகத் தெரிந்தாலும், எல்லா ஊர்களின் உழைப்பையும் ஓர் ஊரில் குவிப்பதற்கு இதைவிட அழகான வழி பின்னால் வந்த பதிப்புகளில் இல்லை என்பது என் எண்ணம்.

மூன்றாவதில் ஒரு வேடிக்கை. அதிசயத்தில் தோற்றவன் போட்ட உற்பத்தியை இன்னொரு அதிசயத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒருவன் பிரமிட்டை முடித்தால், தோற்ற நாலு பேரும் வேறொன்றுக்குத் தாவுவார்கள். அதை ஒருவன் முடித்ததும் மீதிப்பேர் அடுத்ததற்குத் தாவுவார்கள். சீட்டுக்கட்டு வரிசையாகச் சரிவது மாதிரி சில முறைகளுக்குள் நாலைந்து அதிசயங்கள் எழும்பிவிடும், கடைசியில் தாவ இடமில்லாதவன் ஏமாறுவான். ஐந்தாவதைப் பற்றி நான் அதிகம் சொல்ல மாட்டேன், அது எனக்கு ஒட்டவில்லை. ஆறாவது நல்ல ஆட்டம். அதில் அதிசயம் வரைபடத்தில் ஒரு கட்டத்தையே பிடித்துக்கொள்ளும், பிரமிட்டுக்குப் பாலைவனம் வேண்டும். ஆராய்ச்சியிலும் யுரேகா என்று ஒன்று. குவாரி வெட்டினால் கல்வேலை டெக்கின் விலை குறையும், கடலோரத்தில் ஊர் நட்டால் கப்பலோட்டம் எளிதாகும். முதலில் 50 சதவீதம் சலுகை, பின்னால் 40 ஆக்கினார்கள். செய்து கற்றுக்கொள்வதற்குக் கூலி கொடுக்கிறார்கள், எனக்குப் பிடித்திருந்தது.

டெக் மரத்தின் மேல் எனக்கு ஒரு புகார் உண்டு. எல்லா நாகரிகமும் ஒரே மரத்தில்தான் ஏற வேண்டுமா? நான்காவது ஆட்டத்தில் இன்கா அரசர் ஹுவாய்னா கபாக்கை எடுங்கள், பலசாலி. ஆனால் சாலை போட அவர் முதலில் சக்கரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நிஜ இன்காக்கள் சக்கர வண்டியே இல்லாமல் ஆண்டிஸ் மலைகளின் குறுக்கே பல்லாயிரம் கிலோமீட்டர் சாலை போட்டவர்கள். லாமாக்களும் மனிதக் கால்களும் போதுமாக இருந்தன. ஆட்டத்தில் அவர்களுக்கு அந்தப் பெருமை இல்லை.

பெரியவர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார். ஐயா, சோழர் வந்துவிட்டார்கள்.

2025 பிப்ரவரியில் ஏழாவது பதிப்பு வந்தது. அதில் சோழர் ஒரு நாகரிகமாக இருக்கிறார்கள், தஞ்சைப் பெரிய கோயில் ஓர் அதிசயமாக இருக்கிறது. ராஜராஜன் 1010-ல் முடித்த கோயிலை இப்போது யார் வேண்டுமானாலும் திரையில் கட்டலாம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் வங்கிக்காரன் புத்தி வேறு எங்கோ போயிற்று. அந்தக் கோயில் சுவரில் உள்ள கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும்: கோயிலுக்கு வைத்த காசை ஊர்ச் சபைகளுக்குக் கடனாகக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. 12½ சதவீதம். பொலிசை என்று அதற்குப் பெயர். அந்த வட்டியில் விளக்குக்கும் பூஜைக்கும் செலவு ஓடியது, முதல் அப்படியே ஊர்களில் நின்றது. எந்த ஊர் எவ்வளவு வாங்கியது என்பதைக் கருங்கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள், யாரும் மறுக்க முடியாது. என் கிளையில் இருந்த கடன் பதிவேடுகள் அவ்வளவு ஒழுங்காக இல்லை.

ஊரைத் தின்னாமல் ஊருக்குக் காசு புழங்கவிட்ட அதிசயம் அது. ஆட்டத்தில் அதற்கு அந்தக் குணம் கொடுத்திருந்தால் நான் தயங்காமல் கட்டுவேன். அக்கா மகனிடம் சொன்னேன். "மாமா, அது வந்தா ஆட்டமே கெட்டுப்போயிடும், எல்லாரும் அதையே கட்டுவாங்க" என்றான். அவன் சொல்வதும் சரி.

மாண்டெசூமாவுக்கு என்ன ஆயிற்று என்று யாரோ பின்னாலிருந்து கேட்கிறார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ ஆட்டங்களில் அவர் எனக்குப் பக்கத்து ராஜாவாக வந்திருக்கிறார். இப்போது அவர் ஏதாவது அதிசயத்தைத் தொடங்கினால் நான் போட்டிக்குப் போவதில்லை. கட்டட்டும் என்று விட்டுவிடுவேன். நான் ஊர் நட்டு, நூலகம் கட்டி, லிபரலிசத்தை ஒரு முறை பாக்கி வைத்துக் காத்திருப்பேன். ஸ்டீல் கைக்கு வந்ததும் பீரங்கிகளோடு போய் வாங்கிக்கொள்வேன். போன வாரம் அவரிடமிருந்து இரண்டு அதிசயங்கள் வந்தன. அவர் செலவு.

புதிதாக ஆட நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒன்பது நிலைகளில் நோபிள் நான்காவது, அங்கே தொடங்குங்கள். கணினிக்கும் உங்களுக்கும் ஏறத்தாழச் சமமான ஆட்டம். ஆட்டம் முழுவதும் ஒரே ஓர் அதிசயம்தான் கட்டுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதைக் கட்டினீர்கள், அதற்குப் பதிலாக எந்த ஊரைக் கைவிட்டீர்கள் என்பதை ஒரு அஞ்சலட்டையில் எழுதி நூலகத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள். நான் செவ்வாய்க்கிழமைதோறும் வருகிறேன்.